மலை இடப்பக்கம் வந்த பாட்டு

என் அப்பா கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்தார். சாவியை எடுத்து நீட்டும்போதே, மலையைச் சுற்ற வந்தவர்களிடம் சொல்லிவிடுவார்: மலை சோத்தாங்கை பக்கம் இருக்கணும், ரோட்டுக்கு இடதோரமா நடங்க, செருப்பு வேணாம். ஆந்திராவிலிருந்து வந்தவர்களுக்கு அதையே தெலுங்கில் சொல்லுவார். வெள்ளைக்காரர்களுக்குக் கையைக் காட்டிச் சொல்லுவார். ஊருக்கு வருகிற பாதிப் பேரைச் சரியான திசையில் திருப்பிவிட்டது தான்தான் என்று அவருக்கு ஒரு எண்ணம். வீட்டில் இருந்த நாங்களும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

ஊரில் எல்லா ஆட்டோக்காரர்களையும் அவருக்குத் தெரியும். டவுன் பஸ் கண்டக்டர்களையும் தெரியும். காலேஜ் விட்டு வரும்போது ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி சிநேகிதியோடு ஜூஸ் குடித்தால், நான் வீடு வந்து சேருவதற்குள் அது என்ன ஜூஸ் என்பது வரைக்கும் அவருக்குச் செய்தி போயிருக்கும். அடிக்க மாட்டார், திட்டவும் மாட்டார். சாத்துக்குடி நல்லா இருந்துச்சா என்று கேட்பார். அதற்கு ரெண்டு அறை வாங்கியிருக்கலாம் என்று இருக்கும் எனக்கு.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஊருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் புதிதாக விஸ்காம் ஆரம்பித்திருந்தார்கள். சினிமா, டிவி, விளம்பரம் எல்லாவற்றையும் ஒரே வகுப்பறையில் போட்டுச் சொல்லிக்கொடுக்கிற படிப்பு. கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது என்று நான் ஒரு பாதி உண்மையைச் சொன்னதால் அப்பா சேர்த்துவிட்டார். முழு உண்மை அவருக்குத் தெரியவந்தபோது ரெண்டாம் வருஷத்துக்கு ஃபீஸ் கட்டியாகியிருந்தது.

கடைசி வருஷம் போளூர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. மாப்பிள்ளைக்கு உரக்கடை. எல்லாப் பொருத்தமும் இருக்கிறதாம். அந்த மனிதர் மேல் எனக்கு ஒரு வெறுப்பும் இல்லை, அவர் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. ஆனால் இந்த வீட்டிலிருந்து கிளம்பி அந்த வீட்டில் போய் இறங்குவதற்கு இடையில் ஒரு நாள்கூட எனக்கென்று இருக்காது என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. சென்னைக்குப் போய் எடிட்டிங் வேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன். அப்பா தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். பிறகு, கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னார்.

“உங்க காலேஜுக்கு மெட்ராஸ்ல இருந்து எக்ஸாமினர் வர்றாருன்னு சொன்னல்ல. உன் படத்தப் பாத்துட்டு அவரு வாயால உன்ன வேலைக்குக் கூப்ட்டாருனா ஒரு வருஷம் போயிட்டு வா. இல்லனா போளூரு.”

நடக்காது என்று நினைத்துத்தான் சொன்னார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்கள் வீட்டில் ரெண்டு பேரும் ஒரே ஆள். ஆனாலும் வார்த்தை கொடுத்தால் மாற மாட்டார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

கடைசி வருஷ ப்ராஜெக்ட் ஒரு பாட்டுக்கு வீடியோ எடுப்பது. சர்ச்சில் கீபோர்ட் வாசிக்கும் வகுப்புப் பையன் ஒருவன் பாட்டுப் போட்டுக் கொடுத்திருந்தான். கட்டுப்பாட்டை விட்டு வெளியே நடந்து போகிற ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு. கேமரா பிடிக்க என் சிநேகிதி. நடிக்க, வெட்டி ஒட்ட, எல்லாவற்றுக்கும் நான். பாட்டுக்காரப் பையன் படப்பிடிப்புப் பக்கமே வரக்கூடாது என்பது அப்பாவின் நிபந்தனை.

எங்கள் சாருக்கு ஒரு முறை உண்டு. கேமராவைத் தொடுவதற்கு முன்னால், எடுக்கப்போகிற ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஏற்கெனவே யாராவது எடுத்த ஒரு ஷாட்டைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். படமோ, டிவி பாட்டோ, விளம்பரமோ, எதுவாக இருந்தாலும் சரி. அவற்றை வெட்டி, நம் பாட்டின் மேல் வரிசையாக ஒட்டி, முழுப் பாட்டையும் அடுத்தவர் படத்தாலேயே நிரப்பிக் காட்ட வேண்டும். அதற்கு டம்மி என்று பெயர். டம்மி சரியாக இருந்தால்தான் காலேஜ் கேமரா கைக்கு வரும். பிறகு அந்த இரவல் ஷாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு நம்முடையதைச் செருகிக்கொண்டே வர வேண்டும். கண்ணால் பார்க்காததைக் கையால் எடுக்க முடியாது என்பது சாரின் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

நானும் சிநேகிதியும் வாடகை சிடிக் கடையிலிருந்து பை பையாக அள்ளி வந்தோம். தமிழ், தெலுங்கு, இந்தி, டப்பிங் செய்த இங்கிலீஷ். கேபிளில் வரும் வெளிநாட்டுப் பாட்டுகளை டேப்பில் பிடித்தோம். சுதந்திரமாகப் போகும் பெண் எங்கெங்கே வருகிறாள் என்று பார்ப்பதுதான் வேலை. பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் பிடிபட்டது. எல்லா ஊரிலும், எல்லா பாஷையிலும், சுதந்திரமான பெண் ஒரே வேலையைத்தான் செய்கிறாள். ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு மழையில் சுற்றுகிறாள். ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலில் தலையை வெளியே நீட்டிக் கூந்தலைப் பறக்கவிடுகிறாள். மலை உச்சியில் நின்று கத்துகிறாள். முதலில் சிரித்தோம். அப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. சென்னைக்குப் போய் என்ன செய்யப்போகிறாய் என்று யாராவது கேட்டால் என் மனசில் வந்ததும் அதே பஸ் ஜன்னல்தான், அதே பறக்கிற கூந்தல்தான். வீட்டை விட்டு வெளியே போவது என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் வாடகை சிடியில் பார்த்தது. ஆசைகூடச் சொந்தமாக இல்லையே என்று அன்றைக்கு என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

வெட்டி ஒட்டும் வேலையை ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் செய்தோம். அதன் முதலாளியை ஊரில் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் அப்பாவுக்கு நல்ல பழக்கம் என்பதால்தான் அங்கே உட்கார எனக்கு அனுமதி கிடைத்தது. ஜன்னல் இல்லாத அறை. டேபிள் ஃபேன் கம்ப்யூட்டரைப் பார்த்துத் திரும்பியிருக்கும், எங்களுக்குக் காற்று வராது. கம்ப்யூட்டருக்குச் சூடு ஜாஸ்தியானா நின்னுடும்மா, உங்களுக்கு ஜாஸ்தியானா வெளிய போயி நின்னுக்கலாம் என்பார் பாய். பொண்ணு மாப்பிள்ளையைத் தாமரைப் பூவுக்குள் உட்கார வைப்பதும், பனி மலைக்கு முன்னால் பறக்கவிடுவதும் அவர் தொழில். ஆரணிக் கல்யாணத்துக்கும் செங்கம் கல்யாணத்துக்கும் அதே தாமரைதான், முகம் மட்டும் மாறும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே எனக்கும் அந்த வித்தைகளில் பாதி வந்துவிட்டது.

டம்மி தயாரானது. சொல்லக் கூடாது, அவ்வளவு அழகாக இருந்தது. உலகத்துப் பெரிய கேமராமேன்கள் எல்லோரும் சேர்ந்து எங்கள் கீபோர்ட் பையனின் பாட்டுக்குப் படம் எடுத்துக் கொடுத்த மாதிரி. அதில் உயிர் மாதிரி இருந்த ஷாட் ஒன்று. கேபிளில் பிடித்த ஏதோ வெளிநாட்டுப் பாட்டு. பெரிய ரயில்வே ஸ்டேஷன், கூட்டம் மொத்தமும் ஒரு பக்கம் போகிறது, ஒரு பெண் மட்டும் எதிரே நடந்து வருகிறாள். அவள் எதுவுமே செய்யவில்லை, நடக்கிறாள், அவ்வளவுதான். சார் அதைப் பார்த்துவிட்டு, இதுக்கு உங்க ஊரு பௌர்ணமி கிரிவலக் கூட்டமே போதுமே என்றார். அவர் மதுரைக்காரர்.

நானும் தலையாட்டினேன். இந்த ஊரில் பிறந்தவள், எனக்கு எங்கே போயிற்று புத்தி.

பௌர்ணமி அன்றைக்குச் சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, மலை சுற்றும் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கம் போனோம். அம்மாவையும் கூட்டிப் போனால்தான் போகலாம் என்று அப்பா சொல்லியிருந்தார். அம்மா வயர்கூடையில் புளிசோறும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு செருப்பில்லாமல் வந்தாள். சிநேகிதி ஒரு மண்டபத்துத் திட்டில் ஏறி, மலை பின்னால் தெரிகிற மாதிரி கேமராவை வைத்துக்கொண்டாள். நான் கூட்டத்துக்குள் இறங்கி எதிர்ப்பக்கமாகத் திரும்பி நடந்தேன்.

நாலடி நடந்திருப்பேன். யாரோ ஒரு அம்மா என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். “இந்தப் பக்கம் போவணும் கண்ணு.” ஊருக்குப் புதுசு என்று நினைத்துவிட்டார். சரி என்று கொஞ்ச தூரம் போய், மறுபடி திரும்பினேன். இந்த முறை பாண்டிச்சேரிக்காரர்கள் ஒரு கும்பல். மலை சோத்தாங்கை பக்கம் இருக்கணும்மா என்று எனக்கே பாடம் எடுத்தார்கள். அப்பாவின் வாக்கியம் அச்சுக் குலையாமல் வேறு ஊர்க்காரர் வாயில். மூன்றாவது தடவை யாரும் எதுவும் சொல்லவில்லை. கூட்டமே தள்ளிக்கொண்டு போய்விட்டது. அதில் யாருக்கும் கோபம் இல்லை. எல்லோரும் எனக்கு நல்லது செய்கிறவர்கள். அதுதான் தாங்க முடியவில்லை. கோபமாகத் தடுத்தால் சண்டை போடலாம், கண்ணு என்று கூப்பிட்டுத் திருப்பிவிடுகிற கையை என்ன செய்வது.

கடைசியில் எல்லோரையும் போலச் சரியான பக்கமே நடந்தேன். சிநேகிதி அதையே எடுத்தாள். அவளுக்கு ஒரு பழக்கம், நிறுத்துகிற பட்டனை அமுக்க மறந்துவிடுவாள். பாதி டேப்பில் தரையும் கால்களும்தான் இருக்கும். இதற்கிடையில் அம்மாவைக் காணோம். வந்ததுதான் வந்தோம், மலையைச் சுற்றாமல் எப்படி நிற்பது என்று அவள் பாட்டுக்கு நடக்க ஆரம்பித்திருக்கிறாள். நாங்கள் பின்னால் வருகிறோம் என்று நினைப்பு. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து கூடையைக் கீழே வைத்துவிட்டு எங்கள் ரெண்டு பேரையும் ஒரு பாட்டம் திட்டினாள். புளிசோறு சாப்பிட்டோம். விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அடுத்த வாரம் பாய் ஸ்டுடியோவில் இரவல் ஷாட்டுகளை எடுத்துவிட்டு எங்களுடையதைச் செருக ஆரம்பித்தேன். ஒவ்வொன்றாக மாற்ற மாற்றப் பாட்டு அசிங்கமாகிக்கொண்டே வந்தது. அங்கே ஸ்டேஷன் இருந்தது, இங்கே கரும்பு ஜூஸ் வண்டி. அங்கே ஒரு பார்வை இருந்தது, இங்கே வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நான். என் ஷாட்டைப் பார்க்கும்போதெல்லாம் அதற்கு முன்னால் அந்த இடத்தில் இருந்த ஷாட் கண்ணில் வந்து நிற்கும். டம்மியைப் பார்க்காமலே எடுத்திருந்தால் எப்படி எடுத்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். எதுவும் தோன்றவில்லை. அந்த ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து அழுதேன். வெளியே பாய் யாருக்கோ கல்யாண ஆல்பத்துக்கு ரேட் சொல்லிக்கொண்டிருந்தார்.

எதிரே நடந்து வருகிற ஷாட் மட்டும் இருந்தால் மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும் என்று இருந்தது. அப்போது பாய் செய்கிற ஒரு வித்தை ஞாபகம் வந்தது. பொண்ணும் மாப்பிள்ளையும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால், ஒருவரைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டு, ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்ப்பதாக ஆக்கிவிடுவார். நானும் அதைச் செய்தேன். கூட்டம் போகிற ஷாட்டை அப்படியே விட்டேன். பக்கத்தில் ஆள் இல்லாமல் நான் மட்டும் நடக்கிற துண்டுகளைத் திருப்பிப் போட்டேன். மாற்றி மாற்றி ஒட்டினேன். கூட்டம் வலமிருந்து இடம் போனது, நான் இடமிருந்து வலம் போனேன். எல்லோரும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். டம்மியைப் பக்கத்தில் ஓடவிட்டு ஒத்துப் பார்த்தேன். அப்படியே இருந்தது. நாற்காலியை விட்டு எழுந்து நின்று கையைத் தட்டினேன். பாய் அன்றைக்கு வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் ஒரு பார்வையில் சொல்லியிருப்பார்.

பிறந்ததிலிருந்து பார்த்த மலை, ஜன்னலைத் திறந்தால் முகத்தில் அறைகிற மலை, திரையில் எனக்குப் பின்னால் இடம் வலம் மாறி நின்றுகொண்டிருந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை. என் கண் முழுக்க அந்த ரயில்வே ஸ்டேஷன்தான் இருந்தது.

காலேஜ் ஹாலில் திரையிட்டார்கள். பெற்றோர் எல்லோரும் வந்திருந்தார்கள். அப்பா லாட்ஜுக்கு லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு மூன்றாவது வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சென்னையிலிருந்து வந்த எக்ஸாமினர் விளம்பரப் படங்களுக்கு எடிட்டிங் செய்கிறவர். ஹால் நடுவில் தனி மேஜை போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

பாட்டு ஓடியது. அந்த இடம் வந்தது. ஒரு சலசலப்பு. பிறகு பின்னாலிருந்து ஒரு ஆள், “இன்னாபா, மலை பீச்சாங்கை பக்கம் வந்துடுச்சி?” என்றார். ஹால் மொத்தமும் சிரித்தது. எனக்கு முதலில் புரியவில்லை. திரையைப் பார்த்தேன். எங்கள் மலையின் சரிவுகள் எந்தப் பக்கம் நீளம், எந்தப் பக்கம் குட்டை என்று எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அது தலைமாட்டில் கால் வைத்துப் படுத்த மாதிரி இருந்தது. அதற்கு முன்னால் மலையை இடப்பக்கம் விட்டுவிட்டு நான் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தேன். சிரிக்காதவர்கள் ரெண்டு பேர்தான். ஒருவர் எக்ஸாமினர், அவருக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை. இன்னொருவர் அப்பா.

எக்ஸாமினர் என்னைக் கூப்பிட்டார். அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் வந்து நின்றார்கள். அவர் ஒன்றும் புகழவில்லை. “எல்லாமே எங்கயோ பாத்த ஷாட்டுதான்மா. ஆனா ஒட்டுன எடம் தெரியல. வேலை கத்துக்கணும்னா வா, எங்ககிட்ட ஒரு ஆளு தேவைப்படுது” என்றார். அப்பா அவருக்குக் கும்பிடு போட்டார், கொடுத்த டீயைக் குடித்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் பேசினார்.

“அவரு மெட்ராஸ்காரரு, அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல. ஊருக்கு வர்றவனுக்கெல்லாம் நான் சொல்லி அனுப்புறேன், என் பொண்ணு எதிர்ல சுத்துறா. குடுத்த வார்த்த போனா போவட்டும், எங்கியும் போவ வேணாம்.”

நான் எதிரே சுற்றவில்லை, கம்ப்யூட்டரில் திருப்பிப் போட்டேன் என்றேன். அவர் காதில் அது ஏறவில்லை. கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு வாயால் சொல்வதை யார் நம்புவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. லாட்ஜ் வாசலில் ஆட்டோக்காரர்கள் கேட்டார்களாம், இன்னா சார், மலைய எந்தப் பக்கமா சுத்தணும், இப்ப மாத்திட்டாங்களா என்று. அவர்கள் விளையாட்டுக்குத்தான் கேட்டார்கள். அப்பா ரெண்டு நாள் வருகிறவர்களிடம் சாவியைக் கொடுக்கும்போது ஒன்றும் சொல்லாமல் கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதைக் கேட்டபோது எனக்கு அவர் மேலிருந்த கோபம் போய்விட்டது. போளூர்க்காரர்கள் தரகர் மூலமாக, பொண்ணு எதிர்ல சுத்துறதா எதுனா வேண்டுதல் வச்சிருக்குதா என்று விசாரித்தார்கள். பேசாமல் இருந்திருந்தால் அந்தச் சம்பந்தம் தானாகக் கழன்றிருக்கும். ஆனால் சென்னையும் கூடவே போயிருக்கும். போளூரும் இல்லாமல் சென்னையும் இல்லாமல் மலை தெரிகிற எங்கள் வீட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன்.

காலேஜிலிருந்து கேமராவைக் கெஞ்சி வாங்கி வந்தேன், எடுத்த டேப்போடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் வயரைச் செருகினேன். அப்பா பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா கீழே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். டேப்பை நான் நடக்கிற இடத்தில் வைத்து ஓடவிட்டேன். மலை அதன் இடத்தில் ஒழுங்காக நின்றது. கூட்டம் போனது, கூட்டத்தோடு நானும் போனேன். மலை என் சோத்தாங்கை பக்கம். ரோட்டுக்கு இடதோரம். செருப்புகூடப் போடவில்லை.

“ம், சரியாத்தான் நடந்திருக்க” என்றார் அப்பா. அவர் முகத்தில் ரெண்டு நாளாக இருந்த இறுக்கம் விட்டது. இதை நாலு பேருக்குக் காட்டலாம், போளூர்க்காரங்களுக்கும் சொல்லிடலாம் என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெளியே போக விடுங்கள் என்று கேட்க வந்தவள், நான் ஒருநாளும் வெளியே போகவில்லை என்று ருசு காட்டிக்கொண்டிருக்கிறேன். அதை அவர் ஏற்றுக்கொண்டார், ஊரும் ஏற்றுக்கொள்ளும், உரக்கடையும் ஏற்றுக்கொள்ளும். கேமராவை நிறுத்த எழுந்தேன். அதற்குள் டேப் அடுத்த இடத்துக்கு ஓடிவிட்டது.

சிநேகிதி நிறுத்த மறந்த பகுதி அது. நான் படத்தை விட்டு வெளியே போய்விட்டேன். கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. தூரத்தில் அந்தக் கூட்டத்துக்குள் ஒரு அசைவு. ஒருத்தி எதிரே வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் வயர்கூடை. கூட்டம் அவளைத் தள்ளியது, அவள் பக்கவாட்டில் ஒதுங்கி மறுபடி முன்னால் வந்தாள். யாரோ ஒருவர் அவள் கையைப் பிடித்துத் திருப்பப் பார்த்தார். அவள் கையை உதறிக்கொண்டாள். யாரையும் பார்க்கவில்லை, ஒவ்வொரு முகத்தையும் விலக்கி விலக்கிப் பின்னால் எதையோ தேடிக்கொண்டே வந்தாள். மலை அவளுக்கு இடப்பக்கம் இருந்தது. வெட்டி ஒட்டும்போது இந்த இடத்தை எத்தனையோ தடவை வேகமாக ஓட்டிக் கடந்திருக்கிறேன். ஸ்டேஷனைத் தேடிக்கொண்டிருந்ததால் அம்மா வருவது எனக்குக் குப்பையாகத்தான் தெரிந்திருக்கிறது.

அப்பா முன்னால் குனிந்து பார்த்தார். “இது யாரு, எதிர்ல வர்றது?”

“நாந்தான்” என்றாள் அம்மா, கீரையிலிருந்து தலையை எடுக்காமல்.

“நீயா? நீ எதுக்கு எதிர்ல வந்த?”

“புள்ள பின்னாடி இருந்தா. வேற எந்தப் பக்கம் வர்றது?”

அப்பா திரும்பவும் திரையைப் பார்த்தார். டிவியில் அம்மா திட்டுக்குப் பக்கம் வந்து கூடையைக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகு தரையும் கால்களும்தான். நான் நிறுத்தப் போனேன். “இன்னொரு வாட்டி போடு” என்றார் அப்பா. பின்னால் ஓட்டிப் போட்டேன். கையை உதறுகிற இடத்தில் அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவளுக்கும் திசை சொல்லிக் கொடுத்தவர் அவர். அவள் அதை மறந்து நடந்ததை முதல் தடவையாகப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு அதோடு முடிந்தது. டேப்பை யாருக்கும் காட்டச் சொல்லவில்லை. அந்த வாரக் கடைசியில் லாட்ஜிலிருந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே அம்மாவிடம் கேட்டார்: மெட்ராஸுக்கு எந்த பஸ்ல போறீங்க, சீட்டு போட்டு வைக்கச் சொல்லணும்.

அம்மாதான் கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு ஜன்னல் சீட்டு. பஸ் ஊரைத் தாண்டிச் செஞ்சி ரோட்டில் வேகம் எடுத்தது. சிடி சிடியாகப் பார்த்த ஷாட் எனக்குக் கிடைத்துவிட்டது. தலையை வெளியே நீட்டினேன், பின்னியிருந்த கூந்தலும் பறந்தது. ரெண்டு நொடி இருக்கும். அம்மா ஜடையைப் பிடித்து இழுத்தாள். தலைய உள்ள வை, எதிர்ல வண்டி வருது என்றாள். பிறகு செஞ்சி வரும் வரைக்கும் ஜடையை விடவில்லை. கண்ணில் வேறு தூசி விழுந்து தண்ணீர் கொட்டியது. எந்தப் பாட்டிலும் அதைக் காட்டியதில்லை.

ஹாஸ்டலில் என்னை விட்டு, படுக்கையைத் தட்டிப் போட்டு, பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் என்னைப் பற்றி ஒரு புகார் சொல்லிவிட்டு அம்மா கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். அழக் கூடாது என்று ரெண்டு பேரும் சில்லறை இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்றே பேசிக்கொண்டிருந்தோம். பஸ் நகர்ந்தது. கையை ஆட்டிவிட்டுத் திரும்பினேன், ஏதோ தோன்ற மறுபடி பார்த்தேன். அம்மா ஜன்னலில் இடுப்பு வரைக்கும் வெளியே வந்திருந்தாள். பஸ் முன்னால் போக, அவள் பின்னால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது.

“தலைய உள்ள வைம்மா” என்று கத்திக்கொண்டே அந்தப் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடினேன். அவளுக்குக் கேட்கவில்லை.